பாட்டி மெஷினுக்கு மோட்டார் போட்டும் ஓட மறுக்கிறதா? முதலில் பெல்ட்டின் கோட்டைப் பாருங்கள்!

ஆயுத பூஜை அன்று துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்து, பூ சாத்துவார்கள். மறுநாளிலிருந்து அடுத்த ஆயுத பூஜை வரை அதன் மேல் மடிக்காத துணிகள் குவிந்து கிடக்கும். பல வீடுகளில் பாட்டி காலத்துக் கறுப்புத் தையல் மெஷினின் நிலைமை இதுதான்.

ஆனால் அதே மெஷினை நம்பிக் குடும்பம் நடத்துகிற பெண்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர்கள், ஜூன் மாதம் பள்ளிச் சீருடையில் மூழ்கிவிடுபவர்கள், தீபாவளிக்கு முந்தைய வாரம் தூக்கத்தை மறந்துவிடுபவர்கள். வயது ஐம்பதைத் தாண்டியதும் முழங்கால் பேச ஆரம்பிக்கிறது. நாளெல்லாம் மிதித்த கால் இனி முடியாது என்கிறது. அப்போதுதான் வீட்டில் யாராவது, “பேசாம ஒரு மோட்டார் மாட்டிடலாமே” என்று சொல்வார்கள்.

மோட்டார், அதைப் பிடிக்கும் பட்டை, காலால் அழுத்தும் பெடல், ஒரு ரப்பர் பெல்ட் எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. பொருத்தவும் அதிக நேரம் ஆகாது. முதல் வாரம் மெஷின் பறக்கும். இரண்டாவது வாரம் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். அப்புறம் மெஷினுக்கு அடியில் கறுப்புத் தூள். ஒரு நாள் பெல்ட் கழன்று விழும். ஜீன்ஸ் பேன்ட் மடிப்பில் ஊசி நிற்கும், மோட்டார் மட்டும் உறுமும். தொட்டால் சுடும்.

உடனே தீர்ப்பு வந்துவிடும். “மெஷின் பழசு, அதான்.” இன்னொரு மோட்டார் வாங்குவார்கள். அதுவும் சரிவரவில்லை என்றால், இரண்டு தலைமுறை உழைத்த மெஷின் எடைக்குப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கதை தலைகீழ். மெஷினுக்கு ஆடத் தெரியும், கூடம்தான் நிஜமாகவே கோணல்! மோட்டாரின் சின்னச் சக்கரமும் மெஷினின் கைச்சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாததுதான் இந்தத் தொல்லைகளில் பலவற்றுக்கும் காரணம். சரிசெய்யத் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்பேனர், இரண்டு வாஷர், கொஞ்சம் பொறுமை.

காலுக்காகப் பிறந்த மெஷின்

ஐசக் மெரிட் சிங்கர் அமெரிக்காவில் தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851-ல். மோட்டார் வைத்த தையல் மெஷின்கள் வீடுகளுக்கு வர அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை கையும் காலும்தான் மெஷினுக்கு எரிபொருள். இந்தியாவிலும் சிங்கர் மெஷின்கள்தான் முதலில் பரவின. 1930-களில் கொல்கத்தாவில் உஷா மெஷின்களின் உற்பத்தி தொடங்கிய பிறகு, உள்நாட்டு மெஷின்கள் நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்குள் வந்தன. நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு மெஷின்களில் பல, சிங்கரின் ‘15’ என்ற வகையின் வடிவத்தை ஒட்டியவைதான். அதனால்தான் பெயர் வேறாக இருந்தாலும் பாபின், ஊசி, பாபின் கேஸ் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. உதிரிப் பாகம் இன்றும் கிடைக்கிறது.

இயந்திரங்களை எளிதில் ஏற்றுக்கொள்ளாத மகாத்மா காந்தியே தையல் மெஷினுக்கு விலக்கு அளித்தார். 1924-ல் நடந்த ஓர் உரையாடலில், மனிதர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் வெகுசில கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று சிங்கர் மெஷினைக் குறிப்பிட்டார்.

பழைய மெஷின்களில் பல காலுக்காகவும் கைக்காகவும் வடிவமைக்கப்பட்டவை. மோட்டார், பின்னால் வந்த சம்பந்தம். மெஷினின் தூண் பகுதியில், கைச்சக்கரத்துக்குக் கீழே பின்புறமாக, துளையுடன் ஒரு சின்ன மேடு பல மெஷின்களில் இருக்கும். மோட்டாரின் பட்டையை போல்ட் போட்டு இறுக்கும் இடம் அதுதான். மெஷினை வார்த்தது ஒரு தொழிற்சாலை, மோட்டாரைச் செய்தது வேறொரு தொழிற்சாலை. இரண்டும் முதல் நாளே அச்சுப் பிசகாமல் பொருந்திவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பொருத்துபவர்தான் பொருத்தம் பார்க்க வேண்டும்.

2 மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்?

“தோல் பெல்ட் இத்தனை வருஷமா ஒழுங்காத்தானே ஓடுச்சு?” என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

கால் மிதியில் கீழே இருப்பது சுமார் ஓர் அடி விட்டமுள்ள பெரிய சக்கரம். மேலே இருப்பது சின்னச் சக்கரம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 60 செ.மீ. தூரம். அவ்வளவு நீளத்தில் 2 மி.மீ. கோணல் இருந்தாலும் பெல்ட் அதைச் சமாளித்துக்கொள்ளும்.

மோட்டாருக்கும் கைச்சக்கரத்துக்கும் நடுவே இருப்பதோ 10, 12 செ.மீ.தான். அதே 2 மி.மீ. இங்கே ஐந்து, ஆறு மடங்கு அதிகச் சாய்வாக மாறிவிடும். பெல்ட் பள்ளத்தின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கச் சுவரில் உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலில் உதிரும் ரப்பர்தான் கறுப்புத் தூள். சத்தம் போடுவதும் அதுதான்.

இன்னொரு விஷயம், மோட்டாரின் சக்கரம் மிகச் சின்னது. கடைக்காரர்கள் அதைப் ‘புல்லி’ என்பார்கள். பெல்ட் அதைப் பாதிச் சுற்று கூட முழுதாக அணைத்துப் பிடிப்பதில்லை. பிடி குறைவான இடத்தில்தான் முதலில் வழுக்கும். கைச்சக்கரத்தின் பள்ளம் 8 செ.மீ., புல்லி 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு தையல் விழ மோட்டார் 4 முறை சுற்ற வேண்டும். மோட்டார் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மோட்டார் முழு வேகத்தில் ஓடும், ஊசி அரை மனதோடு இறங்கும்.

இதைச் சரிசெய்ய பலரும் செய்வது, பெல்ட்டை இன்னும் இறுக்குவது. அதுதான் பெரிய தவறு. கோணலாக இருக்கும் பெல்ட்டை இறுக்கினால் மோட்டாரின் அச்சு ஒரு பக்கமாக இழுபடும். அதைத் தாங்கும் புஷ் தேயும், மோட்டார் சூடாகும். சில மாதங்களில் நல்ல மோட்டாரே கெட்டுப்போகும்.

தொடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்

ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட வேண்டும். கால் தவறிப் பெடலில் பட்டால், விரல் இருக்கும் இடத்தில் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, பின்னல் எல்லாவற்றையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

பிரிக்கும் முன் போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பிறகு அந்தப் படம்தான் சொல்லும்.

முதல் சோதனை: மெஷின் தனியாக

பெல்ட்டைக் கழற்றுங்கள். கைச்சக்கரத்தை ஒரே விரலால், மேல்பகுதி உங்களை நோக்கி வரும்படி சுற்றுங்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் கோளாறு மோட்டாரில் இல்லை, பெல்ட்டிலும் இல்லை.

இங்கேதான் நம் வீடுகளுக்கே உரிய ஒரு வில்லன் வருகிறது. தேங்காய் எண்ணெய்! மெஷின் எண்ணெய் தீர்ந்த அன்று, “இன்னிக்கு மட்டும்” என்று விட்ட தேங்காய் எண்ணெய், நாளாக நாளாகக் காய்ந்து பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். கால் பலமாக மிதித்தபோது அது தெரிந்திருக்காது. சின்ன மோட்டாருக்கு அது மலை.

எண்ணெய் விடும் துளைகளிலும், அசையும் மூட்டுகளிலும் ஓரிரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கையாலேயே சில நிமிடங்கள் சுற்றுங்கள். கறுப்பாக வடிவதைத் துணியால் துடையுங்கள். மோட்டார் மேல் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. அடுப்பு, விளக்கு அருகில் இல்லாமல், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மண்ணெண்ணெய் நன்றாக உலர்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள். பாபின் இருக்கும் ஷட்டில் பகுதியில் நூல் துண்டு சிக்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முடி அளவு நூல் போதும், மெஷினையே நிறுத்திவிடும்.

அடுத்து, கைச்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே, வெளியே அசைத்துப் பாருங்கள். இடவலமாக நன்றாக ஆடினால், தைக்கும்போது பெல்ட்டின் கோடும் கூடவே ஆடும். இதை மெக்கானிக்தான் சரிசெய்ய வேண்டும். சக்கரத்தின் விளிம்புக்கு அருகே ஒரு பென்சில் முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் சக்கரம் நெளிந்து சுற்றுகிறது என்று பொருள்.

கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு வட்டத் திருகு இருக்கும். பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஏறி இறங்காமல் இருக்க அதைத் தளர்த்துவோம். அது முழுதாக இறுகவில்லை என்றால், சக்கரம் சுற்றும், ஊசி நகராது. பெல்ட் வழுக்குகிறது என்று பலர் இதைத்தான் தவறாக நினைக்கிறார்கள். திருகைக் கழற்றினால் உள்ளே மூன்று காதுகள் கொண்ட ஒரு வாஷர் இருக்கும். அதைத் திசை மாற்றி மாட்டிவிட்டால் எவ்வளவு திருகினாலும் பிடிக்காது. எடுத்து அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பாருங்கள்.

பாபின் சுற்றும் கருவி சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? தைக்கும்போது அது விலகி இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் ஒரு பிரேக்தான்.

இரண்டாவது சோதனை: மோட்டார் தனியாக

பெல்ட் இல்லாத நிலையில் புல்லியை விரலால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. புல்லியை அச்சில் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது தளர்ந்திருந்தால் புல்லி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, நேற்றுச் சரியாக இருந்த கோட்டை இன்று கோணலாக்கிவிடும்.

இப்போது பிளக்கை மாட்டி, பெடலை மெல்ல அழுத்தி, மூன்று, நான்கு விநாடி மட்டும் மோட்டாரை ஓடவிடுங்கள். பெல்ட் இல்லாமல் இந்த மோட்டார்கள் மிக வேகமாகச் சுற்றும் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். ஒரே சீரான ரீங்காரம் கேட்டால் மோட்டார் நல்லபடியாக இருக்கிறது. உள்ளே கார்பன் தொடும் இடத்தில் சின்னச் சின்னப் பொறி தெரிவது சகஜம். பெரிய நெருப்பு வளையம்போல் தெரிந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, கார்பன் தேய்ந்திருக்கலாம் அல்லது சுருளில் கோளாறு இருக்கலாம். அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

சுற்றும் திசையையும் கவனியுங்கள். பெல்ட் நேராக மாட்டப்படுவதால் மோட்டார் எந்தத் திசையில் சுற்றுகிறதோ, அதே திசையில்தான் கைச்சக்கரமும் சுற்றும். மேல்பகுதி தைப்பவரை நோக்கி வர வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் நூல் சிக்கி, அறுந்துகொண்டே இருக்கும். பார்த்து முடித்ததும் பிளக்கை மறுபடியும் பிடுங்கிவிடுங்கள்.

மூன்றாவது சோதனை: கோடு

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நேரான ஒரு தென்னை ஈர்க்கு போதும். கைச்சக்கரத்தின் பள்ளத்தில் பெல்ட் போகும் வழியிலேயே ஈர்க்கை வைத்து, மறுமுனையைப் புல்லியின் பள்ளத்தை நோக்கி நீட்டுங்கள். ஈர்க்கு வளையாமல் இரண்டு பள்ளத்தின் நடுவிலும் உட்கார்ந்தால் கோடு சரி. ஒரு பக்கச் சுவரில் முட்டினால் கோணல். எந்தப் பக்கம் எவ்வளவு என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கோணல் மூன்று விதம்.

ஒன்று, தள்ளி நிற்பது. இரண்டு சக்கரங்களும் ஒரே திசையைப் பார்க்கின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றைவிட உள்ளே அல்லது வெளியே இருக்கிறது.

இரண்டு, திரும்பி நிற்பது. மேலிருந்து பார்த்தால், மோட்டாரின் அச்சும் மெஷினின் அச்சும் இணையாக இல்லாமல் ஒன்று சாய்ந்து போகிறது.

மூன்று, தலை தொங்குவது. பின்னாலிருந்து பார்த்தால், மோட்டாரின் ஒரு முனை தாழ்ந்திருக்கிறது. போல்ட் தளர்ந்த மெஷின்களில் மோட்டாரின் எடையாலேயே இப்படி ஆகும்.

கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் போனை மெஷினுக்கு நேர் மேலே பிடித்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நேரில் தெரியாத சாய்வு படத்தில் பளிச்சென்று தெரியும்.

சரிசெய்யும் முறை

முதலில் தொங்கலையும் திருப்பத்தையும் சரிசெய்யுங்கள். பிறகுதான் தள்ளலைப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

போல்ட்டைக் கழற்றி, பட்டை உட்காரும் மேட்டைத் துடையுங்கள். பழைய பெயின்ட் கட்டி, துரு, அழுக்கு என்று ஏதாவது ஓர் ஓரத்தில் இருந்தாலே மோட்டார் திரும்பி நிற்கும். சுத்தம் செய்த பிறகும் சாய்வு இருந்தால், இடைவெளி தெரியும் பக்கத்தில் மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்றைச் செருகி இறுக்குங்கள். பட்டையே வளைந்திருந்தால் அதைக் கழற்றி, தட்டி நிமிர்த்த வேண்டும். மெஷினில் மாட்டிய நிலையில் சுத்தியலால் தட்டக் கூடாது. அந்த மெஷின் வார்ப்பிரும்பு. வளையாது, உடைந்துவிடும்.

அடுத்து தள்ளல். ஓரிரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்றால், புல்லியின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அச்சின் மேல் நகர்த்தி, மறுபடி இறுக்கினால் போதும். அச்சில் தட்டையான பகுதி இருந்தால் ஸ்க்ரூவின் முனை அதன் மேல்தான் உட்கார வேண்டும். வித்தியாசம் அதற்கு மேல் இருந்து, மோட்டார் வெளியே வர வேண்டும் என்றால், மேட்டுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு வாஷர் சேருங்கள். உள்ளே போக வேண்டும் என்றால், ஏற்கெனவே இருக்கும் வாஷரை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஈர்க்கை வைத்துப் பாருங்கள்.

எவ்வளவு இறுக்கம்?

பட்டையில் நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கும். மோட்டாரைக் கீழே இறக்கினால் பெல்ட் இறுகும், மேலே ஏற்றினால் தளரும். பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் லேசாக அழுத்தினால், அரை செ.மீ.யிலிருந்து 1 செ.மீ.க்குள் உள்ளே போக வேண்டும். வீணைத் தந்திபோல் ‘டங்’ என்று நின்றால் அதிக இறுக்கம். தொட்டில் கயிறுபோல் தொங்கினால் தளர்வு.

வழுக்காத அளவுக்கு எவ்வளவு தளர்வாக விட முடியுமோ, அதுவே சரியான இறுக்கம். ஒரு பழைய துணியை நாலாக மடித்து மெதுவான வேகத்தில் தைத்துப் பாருங்கள். தயங்காமல் தைத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஓடும் பெல்ட்டைப் போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். பாம்புபோல் நெளியாமல், ஒரே தடத்தில் போனால் வேலை முடிந்தது.

பெல்ட் வாங்கும்போது

பழைய பெல்ட் நீண்டிருக்கும், அதன் நீளத்தை நம்ப வேண்டாம். மோட்டாரைப் பிளவின் நடுப்பகுதியில் நிறுத்தி, இரண்டு பள்ளத்தையும் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். நடுவில் வைத்து அளந்தால்தான் பிறகு இறுக்கவும் தளர்த்தவும் இடம் இருக்கும்.

வி வடிவ பெல்ட், பல் வைத்த பெல்ட், உருண்டை பெல்ட் என்று பல வகை உண்டு. எதை வாங்கினாலும் அது பள்ளத்தின் இரு சுவர்களையும் பிடித்து உட்கார வேண்டும். மெலிந்த பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிடும், பிடி இருக்காது. தடித்தது விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும், கழன்றுவிடும்.

வழுக்குகிறதே என்று பெல்ட்டில் மெழுகு தேய்ப்பது, சத்தம் வருகிறதே என்று எண்ணெய் விடுவது, இரண்டும் கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி, மிருதுவாகி, சீக்கிரம் பிய்ந்துவிடும். மெஷினுக்கு எண்ணெய் விட்ட பிறகு கைச்சக்கரத்தின் பள்ளத்தை உலர்ந்த துணியால் துடைப்பது நல்ல பழக்கம்.

ரொம்ப முக்கியமான ஒன்று. மோட்டாரில் தைக்கும்போது பழைய தோல் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால், பாவம் அந்தச் சின்ன மோட்டார், கீழே இருக்கும் பெரிய இரும்புச் சக்கரத்தையும் மிதியையும் சேர்த்து இழுக்கும். மிதி தானாக ஆடும்போது காலில் அடியும் படும். ஆனால் தோல் பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மின்சாரம் போன அன்று மாலையில் மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தோல் பெல்ட்டை மாட்டினால், மெஷின் பழையபடி காலுக்கு ஓடும். புது மெஷின்கள் பலவற்றுக்கு இல்லாத வசதி இது.

‘சுரீர்’ என்றால் நிறுத்துங்கள்

பழைய மெஷின் உடல் முழுவதும் இரும்பு. மோட்டாருக்குள் ஒயர் உறை விரிசல் விட்டால், அந்த மின்சாரம் தைப்பவரின் கைக்கு வர அதிக நேரம் ஆகாது. மெஷினைத் தொடும்போது லேசாக மினுமினுவென்று இருந்தாலும், “ஈரக் கையில தொட்டேன், அதான்” என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்.

உடனே பிளக்கைப் பிடுங்கி, எலக்ட்ரீஷியனிடம் கசிவைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெஷினின் உலோக உடலுக்கு எர்த் இணைப்பு கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கூடுதல் பாதுகாப்பு. வெறும் கால் சிமென்ட் தரையில் படாமல் ரப்பர் விரிப்பின் மேல் உட்கார்ந்து தைப்பதும் நல்லது. ஆனால் விரிப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் கசியும் மோட்டாரில் தைக்கக் கூடாது.

பெல்ட், கோடு, இறுக்கம் எல்லாம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். மோட்டாரின் உள்ளே கை வைக்கும் வேலை மட்டும் தெரிந்தவர்களுக்கே.

அறிகுறியும் காரணமும்: ஒரு பார்வையில்

* கறுப்புத் தூள் விழுகிறது: பெல்ட் பள்ளத்தின் சுவரில் உரசுகிறது. கோட்டைப் பாருங்கள்.
* பெல்ட்டின் ஓர் ஓரம் மட்டும் பிய்கிறது: மோட்டார் திரும்பி நிற்கிறது அல்லது தொங்குகிறது.
* பெல்ட் அடிக்கடி கழல்கிறது: புல்லியின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், அல்லது பெல்ட் பள்ளத்துக்குப் பொருந்தவில்லை.
* கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது: மெஷின் இறுக்கமாக இருக்கிறது, அல்லது பெல்ட் வழுக்குகிறது. முதலில் எண்ணெய், பிறகு பெல்ட்.
* மோட்டார் சீக்கிரம் சுடுகிறது: பெல்ட் அதிக இறுக்கம், மெஷினில் பிசின், அல்லது தோல் பெல்ட் கழற்றப்படவில்லை.
* சக்கரம் சுற்றுகிறது, ஊசி நகரவில்லை: கைச்சக்கரத்தின் நடுத் திருகை இறுக்குங்கள்.
* மோட்டார் போட்டதிலிருந்து நூல் சிக்குகிறது: சுற்றும் திசையைப் பாருங்கள்.

ஒரு வாஷரின் மதிப்பு

தையல் மெஷின் என்பது தமிழ்நாட்டில் வெறும் வீட்டுச் சாமான் அல்ல. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்ட பெண்கள், மாற்றுத்திறனாளிகள் சொந்தக் காலில் நிற்கட்டும் என்று அரசே தையல் மெஷின் கொடுக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அதற்கென்று ஒரு திட்டமே இருக்கிறது. ஒரு மெஷின், ஒரு பெண்ணின் மாத வருமானம். பண்டிகை நேரத்தில் அது இரண்டு நாள் நின்றால், சொன்ன தேதிக்குத் துணி கொடுக்க முடியாது. சொன்ன தேதிக்குக் கொடுக்காத இடத்துக்கு வாடிக்கையாளர் மறுபடி வருவது சந்தேகம்.

அந்த இரண்டு நாள் நஷ்டத்துக்குப் பின்னால் இருப்பது பல நேரம் ஒரு வாஷரும், தளர்ந்துபோன ஒரு ஸ்க்ரூவும்தான். அது தெரியாததால்தான் நல்ல மோட்டார் குப்பைக்கும், நல்ல மெஷின் எடைக்கும் போகின்றன. வார்ப்பிரும்பில் செய்த இந்த மெஷின்கள் எளிதில் சாவதில்லை. அசையும் இடத்தில் எண்ணெய், பள்ளத்தில் சுத்தம், இரண்டு சக்கரத்துக்கும் ஒரே கோடு. இந்த மூன்றும் இருந்தால் போதும். முழங்கால் வலியோடு மிதித்த அம்மாவும் நிம்மதியாகத் தைக்கலாம், தையல் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பேத்தியும் அதே மெஷினில் முதல் கோட்டைப் போட்டுப் பழகலாம்.

அடுத்த முறை மெஷின் ‘கிரீச்’ என்றால், கடைக்கு ஓடும் முன் ஒரு ஈர்க்கை எடுங்கள்.